இக்கரைக்கு அக்கரை சிவப்பு

அழகிய ஊர் ஒன்றில் சற்று நேரம் அமர விரும்புகிறவர்கள் முதலில் ஒரு வழக்கைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அழகுக்குள்ளேயே அமர்வதா, அழகு கண்ணுக்குத் தெரியும்படி எதிரே அமர்வதா? இரண்டும் ஒருசேர வாய்ப்பதில்லை. சப்பரம் தூக்குகிறவருக்குச் சப்பரத்தின் அலங்காரம் தெரிவதில்லை. பின்லாந்து நாட்டில் போர்வோ என்னும் பழைய மரநகரில், ஆற்றோரக் காப்பிக்கடை ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்காக நாங்கள் இருவரும் ஒரு முற்பகல் முழுவதும் அலைந்தபோது இவ்வழக்கே எங்கள் முன் நின்றது. எங்கள் தீர்ப்பு தவறாகிவிட்டது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

போர்வோ, தலைநகர் ஹெல்சின்கிக்குக் கிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஸ்வீடிஷ் மொழி பேசுவோர் அதனைப் போர்கோ என்பர்; கோட்டையும் ஆறும் சேர்ந்த பெயர் அது. இன்றும் அங்கே இரு மொழிகளும் வழங்குகின்றன. தெருப்பலகைகளிலும் இரண்டு பெயர்கள். ஊரின் ஓரமாக ஓடும் ஆறு பெரிய ஆறன்று. நம் ஊர்ப் பெருவாய்க்கால்களைக் கண்டவர்களுக்கு அது வியப்பளிக்காது. ஆனால் அதன் கிழக்குக் கரையில், தண்ணீரைத் தொட்டுக்கொண்டு வரிசையாக நிற்கின்றன சிவப்பு மரக்கிடங்குகள். போர்வோ என்றால் உலகுக்குத் தெரிந்த படம் அதுதான். பழங்காலத்தில் வணிகர்களின் சரக்குகள் படகிலிருந்து நேரே அக்கிடங்குகளுக்குள் இறங்கின. உப்பு, காப்பி, புகையிலை போன்ற தொலைநாட்டுப் பண்டங்கள் அங்கே அடைபட்டுக் கிடந்தன. அச்சிவப்பு, செங்காவி மண்ணும் கம்பு போன்ற ரை தானியத்தின் மாவும் நீரில் கொதிக்க வைத்துச் செய்யும் சாயம். 18ஆம் நூற்றாண்டில் ஸ்வீடன் மன்னர் மூன்றாம் குஸ்தாவ் வருகிறார் என்பதற்காகவே முதலில் பூசினார்கள் என்று அவ்வூரில் சொல்கிறார்கள். ஆயர் வருகிறார் என்றால் பங்கு ஆலயத்துக்கு அவசரமாகச் சுண்ணாம்பு அடிக்கும் நமக்கு அது புரியாத செய்தியன்று.

மரநகரின் பகை நெருப்பு. 1760ஆம் ஆண்டின் பெருந்தீயில் ஊரின் பெரும்பகுதி எரிந்துபோயிற்று. மக்கள் மீண்டும் கட்டினார்கள். ஆனால் தெருக்களை நேராக்கவில்லை. எரிந்த வீட்டின் அடித்தளத்தின்மேல் புதிய வீடு, வளைந்த பழைய சந்தின் மேலேயே மீண்டும் அதே வளைவு. பிறகு 19ஆம் நூற்றாண்டில் கோணல் தெருக்களையெல்லாம் அகற்றிவிட்டு ஒழுங்கான நகரம் அமைக்கத் திட்டம் வந்தது. தெற்கே ஒரு பகுதி அவ்வாறே அமைந்தது. பழைய பகுதி தப்பியது. அதனைக் காக்கவேண்டுமென்று குரலெழுப்பியோருள் லூயி ஸ்பார்ரே என்னும் ஓவியர் முதன்மையானவர். அவரும் ஸ்வீடனிலிருந்து வந்தவர்தாம். ஓர் ஊரின் அருமையை வந்தேறி ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது என்பதை எண்ணிக்கொண்டே அன்று நடந்தோம். வேறு சிலவற்றை எண்ணாதிருக்கவும் அது உதவிற்று.

முந்திய இரவுதான் நாங்கள் அவ்வூருக்கு வந்து சேர்ந்தோம். எங்கள் ஒரே மகள் அங்கே இருக்கிறாள். அவள் கணவர் அந்நாட்டவர். லூத்தரன் சபையைச் சேர்ந்தவர். ஏழு ஆண்டுகளுக்கு முன் அவ்வூரிலேயே அவர்களுக்குத் திருமணம் நடந்தது. நாங்கள் போகவில்லை.

போகாமைக்குக் காரணங்கள் இருந்தன. கடவுச்சீட்டு, முழங்கால் வலி, உறவினர் வீட்டு விசேடம் என்று கேட்டவர்க்கெல்லாம் ஒவ்வொன்றைச் சொன்னோம். மெய்யான காரணம் வேறு. மகள் நெறி தவறிவிடவில்லை என்பதை இங்கே எழுதியாக வேண்டும். கலப்புத் திருமணம் குறித்து 1970இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட மடலும், 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் என்ன கேட்கின்றனவோ அவையனைத்தையும் அவள் செய்தாள். தன் நம்பிக்கையைக் காத்துக்கொள்வதாகவும், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் இயன்றதையெல்லாம் செய்வதாகவும் வாக்களித்தாள். அவருக்கும் அது முறைப்படி தெரிவிக்கப்பட்டது. லூத்தரன் ஆலயத்தில் திருமணம் நடத்துவதற்கு ஆயரின் விதிவிலக்கையும் பெற்றாள். அதன் நகலையும் எங்களுக்கு அனுப்பினாள். எங்கள் பங்குத்தந்தை அதைப் படித்துப் பார்த்து, "எல்லாம் சரியாக இருக்கிறது, போய் வாருங்கள்" என்றார். திருச்சபை தந்த இசைவை நாங்கள் தரவில்லை. விருந்து வீட்டு வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரமாட்டேன் என்ற மூத்த மகனைப்பற்றி எத்தனையோ மறையுரைகளைக் கேட்டிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் அவன் யாரோ ஒருவன் என்றே கேட்டோம்.

அதன்பின் தொலைபேசியில் பேசிக்கொண்டுதான் இருந்தோம். கிறிஸ்து பிறப்பு விழா, உயிர்ப்புப் பெருவிழா, பிறந்த நாள்கள். நலமா, நலம். மழை உண்டா, பனி உண்டா. பேத்தி பிறந்தபோதும், ஹெல்சின்கியில் புனித ஹென்றி பேராலயத்தில் அவளுக்குத் திருமுழுக்கு நடந்தபோதும் அப்படியே. சண்டை போட்டுக்கொண்டவர்கள்கூட இவ்வளவு மரியாதையாக விலகியிருக்க மாட்டார்கள்.

வந்து இறங்கிய இரவு களைப்பில் எவரும் அதிகம் பேசவில்லை. படுக்கப் போகுமுன் மகள், "நாளைக்குக் காப்பி வெளியே போய்க் குடிப்போம், ஆத்தோரமா நிறைய கடை இருக்கு. எந்தக் கடைன்னு நீங்களே பாத்து வைங்க. நாங்க பாப்பாவைக் கிளப்பிக்கிட்டு வர்றோம்" என்றாள். வீட்டுக்குள் எதிரெதிரே அமர்ந்து முதல் பேச்சைத் தொடங்குவது இரு தரப்புக்கும் கடினம் என்று அவள் கருதியிருக்க வேண்டும். எங்களுக்கும் அது ஆறுதலாகவே இருந்தது.

அது சூன் மாதம். அந்நாட்டில் அப்போது காலை நான்கு மணிக்கே வெயில் வந்துவிடுகிறது. நம் நாட்டு நேரமோ இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. உறக்கம் எப்படிப் பிடிக்கும்? எட்டு மணியளவில், வீட்டார் எழுமுன்பே, ஒரு தாளில் குறிப்பெழுதி மேசைமேல் வைத்துவிட்டு நாங்கள் இருவரும் கிளம்பிவிட்டோம். காப்பிக்கடை பார்க்கக் கிளம்பியவர்கள் முதலில் ஏறியது குன்றின்மேல் இருக்கும் பேராலயத்துக்கு. கால்கள் பழக்கத்தால் கோவிலை நோக்கித்தானே போகும்!

கல்லால் கட்டிய அவ்வாலயம் 15ஆம் நூற்றாண்டினது. நம் திருச்சபை அங்கே இருந்த காலத்தில் எழுந்தது. கன்னி மரியாளுக்கு ஒப்புக்கொடுக்கப்பட்டிருந்தது. பிறகு நாடே லூத்தரன் ஆயிற்று. 1723இல் அது பேராலயமாக உயர்ந்தது. அதற்கு முன் ஆயரின் இருக்கையாக இருந்த வீபுரி நகரம் போரில் ருசியரிடம் போய்விட்டதே அதற்குக் காரணம். மணிக்கூண்டு ஆலயத்தோடு ஒட்டாமல் தனியே நிற்கிறது. செங்குத்தான கூரையைப் பார்த்தால் பழமையானதென்றே தோன்றும். ஆனால் அது புதிது. 2006ஆம் ஆண்டு மே மாத இறுதியில் ஓர் இரவு இளைஞன் ஒருவன் வைத்த தீயில் மேற்கூரை முழுவதும் எரிந்தது. உள்ளே கல் வளைவுகள் தாங்கிக்கொண்டதால் ஆலயம் பிழைத்தது. 2008இல் மீண்டும் திறந்தார்கள்.

உள்ளே, ருசியப் பேரரசர் முதலாம் அலெக்சாந்தருக்கு ஓர் உருவச்சிலை இருக்கிறது. 1809இல் பின்லாந்தை ஸ்வீடனிடமிருந்து பறித்துக்கொண்ட அப்பேரரசர், நாட்டின் நான்கு வகுப்பாரையும் இவ்வூரில் கூட்டி, அவர்களுடைய சமயத்தையும் சட்டங்களையும் உரிமைகளையும் காப்பதாக இங்கே உறுதியளித்தார். அவர் ஆர்த்தடாக்ஸ் சபையினர். மக்களோ லூத்தரன் சபையினர். வென்றவர் தோற்றவர்களின் கோவிலுக்குள் வந்து நின்று அவர்கள் நம்பிக்கையைக் காப்பதாகச் சொன்னார். அவருக்கு அரசியல் கணக்குகள் இருந்திருக்கும். இருந்தாலும் உள்ளே வந்தார். 1992 அக்டோபரில் ஆங்கிலிக்கன் சபைகளின் சார்பாளர்களும் வடநாட்டு, பால்டிக் லூத்தரன் சபைகளின் சார்பாளர்களும் ஒன்றிப்புக்கான தங்கள் உடன்பாட்டு வரைவை முடித்த வேளையில் இவ்வாலயத்தில்தான் கூடி நற்கருணை கொண்டாடினார்கள். ஆதலால் அவ்வுடன்பாடு இச்சிற்றூரின் பெயரையே தாங்கியிருக்கிறது. நாம் அதில் இல்லை. ஆயினும் 1999இல் ஆக்ஸ்பர்க் நகரில், மனிதர் இறைவனுக்கு ஏற்புடையவராவது குறித்து லூத்தரன் சபைகளோடு நம் திருச்சபை கூட்டறிக்கையில் ஒப்பமிட்டது. இவற்றையெல்லாம் நாங்கள் முன்பே படித்திருந்தோம். ஒன்றிப்பு வாரத்தில் ஆண்டுதோறும் மன்றாடியும் இருக்கிறோம். படிப்பும் மன்றாட்டும் எங்கள் வீட்டு வாசற்படிக்கு வெளியே இருந்தன.

பேராலயத்துக்கு அருகே, 1740இல் மரத்தால் கட்டிய சிறிய ஆலயம் ஒன்று உண்டு. அதன் கதவை நாங்கள் கண்டதும் அறிந்துகொண்டோம். மகள் அனுப்பிய திருமணப் படத்தில் அவள் அக்கதவின் முன்தான் நின்றாள். அப்படம் எங்கள் வீட்டுப் பீரோவில், மடித்த பட்டுப்புடைவைகளின் அடியில், ஏழு ஆண்டுகளாகக் கவிழ்ந்து கிடக்கிறது. கதவு பூட்டியிருந்தது. முன்னால் இருவரும் சிறிது நேரம் நின்றோம். ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை. "நேரமாகிறது, கடை பார்க்க வேண்டும்" என்று எங்களில் ஒருவர் சொல்லவும் கீழே இறங்கினோம்.

இனிக் கடைகளுக்கு வருவோம்.

முதலாவது, பழைய மாநகர மன்றக் கட்டடம் நிற்கும் சதுக்கத்துக்கு அருகே, ஒரு மரவீட்டின் உள்முற்றத்தில் இருந்தது. நான்கு புறமும் மஞ்சளும் வெளிர்நீலமும் பூசிய பலகைச் சுவர்கள். ஆறு தெரியவில்லை. இரண்டாவது, படகையே கடையாக்கியது, ஆற்றில் மிதந்தது. எங்களில் ஒருவருக்குத் தரை ஆடினால் ஆகாது. மூன்றாவது, சிவப்புக் கிடங்குகளின் காலடியிலேயே, தண்ணீரோரப் பலகைத் தளத்தில் நாலைந்து மேசைகள். சதுர மேசை, எதிரெதிராக நாற்காலிகள். போய் அமர்ந்தும் பார்த்தோம். முதுகுக்குப் பின்னால் சிவப்புச் சுவர், அண்ணாந்தால்தான் தெரியும். எதிரே மறுகரையில் மரங்கள், அண்மைக் காலத்து வீடுகள், வானம். "இங்கே என்ன இருக்கிறது பார்க்க?" என்று எழுந்துவிட்டோம்.

நான்காவது, பழைய பாலத்தைக் கடந்து மேற்குக் கரையில். அங்கே போய்த் திரும்பிப் பார்த்தபோதுதான் ஊர் தெரிந்தது. சிவப்புக் கிடங்குகளின் வரிசை, அவற்றின் நிழல் ஆற்றில் தலைகீழாக மற்றொரு வரிசை, மேலே குன்றில் ஏறிச் செல்லும் வீட்டுக் கூரைகள், எல்லாவற்றுக்கும் உச்சியில் பேராலயம். நாம் இக்கரைக்கு அக்கரை பச்சை என்கிறோம், அங்கே சிவப்பு. அங்கிருந்த கடையில் நாற்காலிகள் யாவும் ஆற்றை நோக்கி ஒரே வரிசையில் போடப்பட்டிருந்தன, திரையரங்கில் போல. இதுதான் சரியான இடம் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம். எங்களுக்குள் இவ்வளவு எளிதாக ஒத்த கருத்து ஏற்படுவது அரிது. அதைக்கொண்டே ஐயுற்றிருக்க வேண்டும்.

மகளுக்குத் தகவல் சொல்லிவிட்டுக் காத்திருந்தோம். காத்திருந்த வேளையில் ஆளுக்கொரு காப்பி. அந்நாட்டுக் காப்பியைப்பற்றிச் சில வார்த்தை. உலகிலேயே மிகுதியாகக் காப்பி அருந்தும் மக்களுள் பின்லாந்தினர் முன்வரிசையில் நிற்கிறார்கள். ஆண்டொன்றுக்குத் தலைக்குச் சுமார் 10 கிலோ காப்பிக்கொட்டை செலவாகிறது. தொழிலாளர் ஒப்பந்தங்களிலேயே காப்பி இடைவேளை எழுதப்பட்டிருக்கிறது. திருமுழுக்கு, திருமணம், அடக்கம் எதுவாயினும் இறுதியில் காப்பி உண்டு. ஆனால் கொட்டையை இளவறுப்பாகவே வறுக்கிறார்கள். சிக்கரியின் பேச்சே இல்லை. நம் டிகாக்ஷனுக்குப் பழகிய நாவுக்கு அது இரண்டாம் டிகாக்ஷன் போலத்தான் இருக்கும். குடிக்கக் குடிக்கத் தீதில்லை. கல்லாவில் பணம் கட்டி நாமே எடுத்து வரவேண்டும். பல கடைகளில் இரண்டாம் கோப்பைக்குத் தனி விலை இல்லை.

காப்பியோடு புல்லா என்னும் இனிப்பு ரொட்டி. அதைப் பிட்டதும் எங்களில் ஒருவர் அப்படியே நிறுத்திவிட்டார். ஏலக்காய்! பொடியாக்காமல் விதைகளைக் கொரகொரப்பாக நசுக்கி மாவோடு பிசைந்திருந்தார்கள். அது எங்கள் வீட்டு மணம். போடிநாயக்கனூரில் ஓர் ஏலக்காய்க் கடையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கெழுதியவர் அவர். சல்லடையின் மேல் நின்ற காய்க்கு ஒரு விலை, கீழே விழுந்த காய்க்கு ஒரு விலை; பச்சை மாறாத காய்க்கு ஒரு விலை, வெளுத்ததற்கு ஒரு விலை. தரம் பிரிக்கும் பெண்கள் தரையில் அமர்ந்து விரலால் ஒதுக்கிக்கொண்டே போவார்கள். பார்வை பட்ட கணத்தில் தீர்ப்பு. மகளின் பள்ளிக் கட்டணமும் கல்லூரிக் கட்டணமும் அம்மணத்திலிருந்து வந்தவைதாம். மாலையில் வீடு திரும்பும் தந்தையின் சட்டையை முகர்ந்துவிட்டுத்தான் அவள் படிக்க உட்காருவாள். அம்மணத்தை அவள் ஏழு ஆண்டுகளாக இங்கே காசு கொடுத்து வாங்கித் தின்றுகொண்டிருந்திருக்கிறாள். ஒரு தடவையும் எங்களிடம் சொன்னதில்லை. சொல்ல நாங்கள் இடம் கொடுத்ததில்லை என்பதே சரி. (இங்குள்ள ஏலக்காய் போடியிலிருந்து வந்தது என்று பெருமை பேசவும் வழியில்லை. உலகச் சந்தைக்கு இன்று மிகுதியாக ஏலக்காய் அனுப்பும் நாடு குவாத்தமாலா. கணக்கர் என்பதால் இதையும் எழுதிவைக்கிறோம்.)

பதினொன்றரை மணிக்கு அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, "வாங்க" என்றார். அவருக்குத் தெரிந்த நான்கைந்து தமிழ்ச் சொற்களில் அது ஒன்று. வந்தவர் அவர், வரவேற்றவரும் அவரே. எல்லாரும் வரிசையாக அமர்ந்தோம். ஓரத்தில் நாங்கள் இருவர், அடுத்து பேத்தி, அடுத்து மகள், கடைசியில் மாப்பிள்ளை. ஐவரும் ஆற்றைப் பார்த்தோம். மாப்பிள்ளை, ரூனெபெர்க் என்னும் கவிஞரின் பெயரால் வழங்கும் சிறு கேக்கை எங்களுக்காக வாங்கி வந்து வைத்தார். பாதாம் சேர்த்தது, உச்சியில் சர்க்கரை வளையத்துக்குள் ராஸ்பெரிப் பழக்கூழ். நாட்டுப் பண்ணின் மூலத்தை எழுதிய அக்கவிஞர் 1837 முதல் 1877இல் இறக்கும்வரை இவ்வூரில் வாழ்ந்தார். அவருடைய பிறந்த நாளான பிப்ரவரி 5ஐ ஒட்டி நாடெங்கும் அக்கேக் கிடைக்கும். போர்வோவில் மட்டும் எந்த மாதமும் கிடைக்கும். மாப்பிள்ளை இதை ஆங்கிலத்தில் மெல்ல மெல்ல விளக்கினார். நன்றி சொன்னோம். அழகாக இருக்கிறது என்றோம். ஆமாம், அழகுதான் என்றாள் மகள். கிடங்குகள் எத்தனை ஆண்டுப் பழமையானவை என்று கேட்டோம். சொன்னாள். படம் எடுத்துக்கொண்டோம். அரை மணி நேரம் அவ்வாறே போயிற்று. அது தொலைபேசிப் பேச்சேதான், நடுவில் கடல்கள் இல்லை என்பதைத் தவிர.

எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது. நாங்கள் இவ்விடத்தைத் தேர்ந்தெடுத்தது காட்சிக்காக அன்று. காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தால் மகளின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, அதற்காக. மூன்றாவது கடையை வேண்டாமென்று தள்ளியதும் அதனால்தான். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்றோமே, எதிர் நாற்காலியில் இருக்கப்போகிறவளைத் தவிர வேறொன்றுமில்லை என்பதே அதன் பொருள்.

பேத்தி வாத்துகளுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தாள். மகள் ஆற்றின் மறுபுறத்தைப் பார்த்தபடியே, எங்களிடம் சொல்கிறாளா தன்னிடமே சொல்லிக்கொள்கிறாளா என்று விளங்காத குரலில் சொன்னாள்: "அந்தா தெரியுதில்ல, அந்தப் பலகைத் தளம். கல்யாணத்தன்னிக்கு அங்கதான் காப்பி. நடுவுல மழை பிடிச்சுக்கிச்சு. எல்லாரும் கப்பைக் கையில வச்சுக்கிட்டு அந்தச் செவத்தோட ஒட்டி நின்னு குடிச்சோம். என் வெள்ளைச் சீலைல காவி ஒட்டிக்கிச்சு. இன்னும் போகல."

அவள் சீலை உடுத்தியிருந்தாள் என்பதே எங்களுக்கு நினைவில் இல்லை. படத்தை நாங்கள் ஒரு தரந்தான் பார்த்திருந்தோம். கதவைப் பார்த்த அளவுக்கு அவளைப் பார்க்கவில்லை போலும்.

எங்களில் ஒருவர் எழுந்தார். "இப்ப அங்க எடம் இருக்குமா?" என்றார்.

"இப்பத்தானேம்மா இங்க உக்காந்தோம். பணமெல்லாம் குடுத்தாச்சு."

"குடுத்தது குடுத்ததா இருக்கட்டும்."

மாப்பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் மீதிப் புல்லாவைத் தாள்பையில் போட்டுக்கொண்டு குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டார். பழைய பாலத்தின் மேல் ஒருவர் பின் ஒருவராக நடந்தோம். பாலத்தின் நடுவிலிருந்து பார்த்தால் கிடங்குகள் பக்கவாட்டில் தெரிகின்றன, அழகு பாதியாகிவிடுகிறது. இறங்கிச் சந்துக்குள் நுழைந்ததும் முழுதும் மறைந்துபோகிறது. சுவரும் கல்பாவிய தரையும் மட்டுமே.

தளத்தில் ஒரு மேசை காலியாக இருந்தது. காலையில் நாங்கள் அமர்ந்து எழுந்த அதே மேசை என்று எங்களில் ஒருவரும், அல்ல, அதற்கு அடுத்தது என்று மற்றவரும் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறோம். நாற்காலிகள் எதிரெதிரே இருந்தன. மகள் எதிரில் உட்கார்ந்தாள். நெற்றியோரத்தில் இரண்டு நரைமுடிகள். கன்னத்தில் சிறு தழும்பு. அது எப்போது வந்தது என்று தெரியவில்லை. கிடங்குச் சுவரின் மேல் ஒரு கையை வைத்துப் பார்த்தோம். விரல்களில் செம்மண் போலக் கொஞ்சம் ஒட்டியது.

மகள் உள்ளே போய்க் காப்பித் தட்டோடு வந்தாள். கோப்பைகளை ஒவ்வொன்றாக வைத்துவிட்டு, தந்தையின் கோப்பையில் பால் ஊற்றி, சர்க்கரைக் கரண்டியை எடுத்தாள்.

"ரெண்டு கரண்டி, இல்லப்பா?"

சிறு வயதிலிருந்தே அவருக்குக் காப்பி கலந்து கொடுப்பது அவள் வேலை. இரண்டு கரண்டி என்பது மாறாத கணக்கு.

"சர்க்கரையை நிறுத்தி நாலு வருசமாச்சும்மா" என்றார் அவர்.

கரண்டி அப்படியே நின்றது.

"நாலு வருசமாவா? என்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் பதில் சொல்லுமுன் அவள் நாற்காலியை இழுத்து மேசைக்கு நெருக்கமாகப் போட்டுக்கொண்டாள். எந்த மருத்துவர், என்ன மாத்திரை, காலையில் எத்தனை, இரவில் எத்தனை, கால் மரத்துப்போகிறதா, கண்ணைக் காட்டினீர்களா என்று அடுக்கடுக்காகக் கேட்டாள். குரலில் கோபம் இருந்தது. ஏழு ஆண்டுகளில் அவள் எங்கள்மேல் கோபப்பட்டது அதுவே முதல் முறை. நாங்கள் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னோம். மாப்பிள்ளை எழுந்து, எல்லாருக்கும் இரண்டாம் கோப்பை வாங்கிவர உள்ளே போனார்.